பணம் வந்த வழி

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில், 2025 ஆகஸ்டில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஒன்றின் கணக்காளர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஊரக வளர்ச்சித் துறையின் சாதனைகள்’. தலைவி அக்கா போன் பண்ணி இதைச் சொன்னபோது, “அதைத் துறைக்காரங்களே நல்லா பேசுவாங்களே அக்கா, நான் எதுக்கு?” என்று கேட்டேன். “அவங்க எவ்வளவு கொடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. நீ எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லு. கணக்கு எழுதுறவ நீதானே” என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். அதனால் திட்டங்களின் பேரை வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. அரசாங்கம் ஒதுக்கின பணம் எந்த வழியாக, எத்தனை கை மாறி நம் கைக்கு வந்தது, அந்த வழி எப்படி எப்படி மாறியது, அதை மட்டும் சொல்கிறேன். 26 வருஷமாக நோட்டு எழுதுகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

இங்கே சின்னப் பெண்கள் நிறைய பேர் வந்திருக்கீங்க. உங்களுக்காக ஒரு பழைய கதை. நம்ம குழுக்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கினது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் குழுக்கள் வந்தன. ‘மகளிர் திட்டம்’ என்ற பேரில் மாநிலம் முழுக்கப் பரவினது 1997-98-க்குப் பிறகு. எங்கள் ஊரில் 1999-ல் 16 பேர் சேர்ந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வாரம் 10 ரூபாய் சேமிப்பு. பத்தாவது படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது. அன்றைக்கு வந்தது, இன்னும் இறங்கவில்லை.

அப்போது அரசாங்கப் பணம் என்றால் மானியம். எஸ்.ஜி.எஸ்.ஒய். திட்டத்தில் குழுவாகத் தொழில் செய்தால் செலவில் பாதி மானியம், அதிகபட்சம் 1,25,000 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த மானியத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வங்கியிலேயே வைத்திருந்து கடனின் கடைசித் தவணைகளில் கழிப்பார்கள். இது எங்கள் 16 பேரில் ஒருத்திக்கும் தெரியாது. எடுத்துச் சொன்னவரும் இல்லை. கறவை மாடு வாங்கினோம். மாட்டுத் தரகர், காப்பீட்டுக்கு வந்தவர், ‘பேப்பரை நகர்த்த’ என்று வந்தவர் என்று ஆளாளுக்கு ஒரு கை. மாடு பத்து இருந்தால் தரகர் பதினைந்து இருந்த காலம் அது. இரண்டு மாடு செத்தது, மூன்று மாட்டை விற்றோம். மானியம் வருவதற்குள் கடன் தவறிப் போய்விட்டது. ‘தவறிய குழு’ என்ற பேரை எடுத்துவிட நாலு வருஷம் ஆனது.

அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு 2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. மொத்தமாக மானியம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் சுழல் நிதி, சமுதாய முதலீட்டு நிதி, வட்டிக்கு மானியம். அப்போது நான் கூட்டத்தில் எழுந்து, “கொடுத்துட்டு இருந்ததையும் புடுங்கிட்டாங்க” என்று சத்தம் போட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அது சரியான மாற்றம்தான். மானியம் இருந்தவரைக்கும் மானியத்துக்காகக் குழு ஆரம்பித்தவர்கள் உண்டு, வாங்கிய மறுமாதம் கலைந்தவர்களும் உண்டு. வட்டிச் சலுகை என்று வந்த பிறகு ஒழுங்காகக் கட்டுகிற குழுவுக்குத்தான் பலன். நடுவில் இருந்த பாதிக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

சரி, இனிமேல்தான் விஷயம். நூறு நாள் வேலை.

2005-ல் சட்டம். 2006 பிப்ரவரி 2-ம் தேதி நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கினது. தமிழ்நாட்டில் முதலில் எடுத்தது ஆறு மாவட்டம். அதில் நம்ம திருவண்ணாமலையும் ஒன்று. அதனால் இந்த வேலையில் நாம்தான் சீனியர். கூலி 80 ரூபாய் என்றார்கள். நாங்கள் நம்பவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் களை எடுக்கப் போனால் பொம்பளைக்கு 40, நல்ல மனசுக்காரர் நிலமாக இருந்தால் 45. ஆம்பளைக்கு அதைப் போல இரண்டு பங்கு. ஏரி வரத்துக் கால்வாயில் இறங்கி மண் வெட்டினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கு என்று பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து வந்தவர் சொன்னபோது, பின்னால் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். முதல் வாரக் கூலியை வாங்கின பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த அறுவடைக்குள் எங்கள் ஊரில் களைக்கூலி 60 ஆனது. இதற்கு எந்த அரசாணையும் போடவில்லை. “நான் ஏரி வேலைக்குப் போறேன்” என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்தத் துறை செய்ததிலேயே பெரியது எது என்று கேட்டால், நான் வீட்டையோ ரோட்டையோ சொல்ல மாட்டேன், இந்தச் சம கூலியைத்தான் சொல்வேன். இன்றைக்கும் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பொம்பளைதான். ஏன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் பணம் வந்த வழி? அதையும் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் நம்ம மாநிலத்தில் கூலியை ரொக்கமாகத்தான் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஊராட்சி ஆபீஸ் வாசலில் ஒரு டேபிள், ஒரு நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப் மை. பேரைக் கூப்பிடுவார்கள். போய்க் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோர் முன்னாடியும் நடக்கும். அதில் ஒரு நல்லது இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். குறைந்தால் அங்கேயே கத்தலாம். கத்தினோம்.

கெட்டதும் இருந்தது. டீ செலவு என்று ஐந்து ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். வேலைக்கு வராதவர்கள் பேர் என்.எம்.ஆர். தாளில் இருக்கும். ஒரு வாரம் கூப்பிட்ட பேரில் ஒன்று, காரியம் முடிந்து நாற்பது நாள் ஆன ஒரு பாட்டியின் பேர். கூட்டத்தில் யாரோ, “அந்த அம்மா வந்தா நாங்களும் பார்க்கணும், கூப்பிடுங்க” என்று சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வாங்கின பணத்தை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனோம். அதைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எழுதத் தெரிந்தவள் நான்தான்.

ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, அரசாங்கம் ஒரு ரூபாய் செலவு செய்தால் ஏழைக்கு 15 பைசாதான் போய்ச் சேருகிறது என்று 1985-ல் பேசினார். நூறு நாள் கூலியில் அவ்வளவு மோசம் இல்லை. எங்களுக்கு எண்பதில் எழுபத்தைந்து வந்தது. ஆனாலும் அந்த ஐந்து யாருடையது?

அப்புறம் வங்கிக் கணக்கு வந்தது. டேபிள் போனது, டீ செலவு போனது, செத்தவர்கள் பேரும் போனது. பிறகு 2016-லிருந்து கூலி மாநிலக் கணக்குக்குக்கூட வராமல் டெல்லியிலிருந்து நேராக நம் கணக்குக்கு வர ஆரம்பித்தது. 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலைத்தளத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ. 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் பணம் என்று கட்டாயமாக்கினார்கள். நடுவில் இருந்த கைகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் நடுவில் ஒருத்தருமே இல்லை. இதைச் சாதனை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எனக்கே அந்தக் கைகளோடு சண்டை போட்டு அலுத்திருந்தது.

இப்போது நான் சொல்லப் போவதை எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்குத் தெரியும். மேடையில் சொல்லலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “பேரைச் சொல்லாம சொல்லு” என்றார். சொல்கிறேன்.

2023-ல், எங்கள் குழுவிலேயே மூத்த அக்கா. வேலைக்குத் தவறாமல் வருவார். திடீரென்று மூன்று வாரமாகச் சேமிப்புக் கட்டவில்லை. உள்கடன் தவணையும் இல்லை. கேட்டால், “கூலி ஏறலைம்மா” என்பார். மற்றவர்களுக்கெல்லாம் ஏறியிருந்தது. நான் பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் பட்டியலைப் பார்த்து, “இவங்களுக்குப் பணம் போயிருச்சே” என்றார். அடுத்த கூட்டத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லோர் முன்னாடியும், “அக்கா, பணம் போயிருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. உங்க மகன் எடுத்துட்டானான்னு முதல்ல வீட்டுல கேளுங்க” என்றேன். தீர்மான நோட்டில் ‘தவணை தவறியவர்’ என்று அவர் பேரையும் எழுதினேன். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. அவர் வராமல் இருக்க இருக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு மாசம். நடுவில் தோட்டை அடகு வைத்தார் என்று காதில் விழுந்தது. அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. கணக்கு என் பக்கம் சரியாக இருந்ததே!

வேறு ஒரு வேலையாக பி.டி.ஓ. ஆபீஸ் போனபோது, அங்கே கம்ப்யூட்டரில் இருந்த சின்னப் பையனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். “வேலை அட்டை நம்பர் இருக்கா அக்கா?” என்றான். என் பையில் எல்லோருடைய நம்பரும் எப்போதும் இருக்கும். தட்டிப் பார்த்துவிட்டு, “பணம் போயிருக்கு. ஆனா நீங்க சொல்ற பேங்குக்குப் போகல. இந்த பேங்குக்குப் போயிருக்கு” என்று ஒரு பேரைச் சொன்னான். அந்த வங்கிக்கு எங்கள் ஊர் பக்கத்தில் கிளையே கிடையாது.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். மெதுவாக வெளியே வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒரு கடன் கம்பெனியில் குழுவுக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறார். வந்த ஆள் சின்ன மெஷினில் விரலை வைக்கச் சொல்லி, அங்கேயே ஒரு புதுக் கணக்கைத் திறந்திருக்கிறார். அந்தக் கணக்கில் ஆதாரும் இணைந்துவிட்டது. ஆதார் வழியாகப் பணம் அனுப்பினால், கடைசியாக எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். நம் பாஸ்புக் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அந்த அக்காவின் கூலி 12,000 ரூபாய்க்கு மேல் அந்தக் கணக்குக்குப் போயிருந்தது. அதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கு என்று தானாகவே பிடித்திருந்தார்கள். அவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. தவணை தனியாகக் கேட்டு வருகிற ஆளுக்கும் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். தோட்டை அடகு வைத்தது அதற்குத்தான்.

அதைச் சரி பண்ண நாங்கள் நடந்த நடையைச் சொல்லவில்லை. ஆதார் இணைப்பை மாற்றினோம். மீதிப் பணம் கைக்கு வந்தது. இரண்டு தடவை வாங்கின தவணையில் கொஞ்சம் திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை. தோட்டைக் குழு உள்கடனில் மீட்டோம்.

இதில் திருடினது யார்? துறையில் யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை. பணித்தளப் பொறுப்பாளர் சொன்னது பொய்யில்லை. கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. பணம் டெல்லியிலிருந்து கிளம்பி, ஒருத்தர் கையும் படாமல், சரியான ஆளின் தப்பான கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்து டேபிளாக இருந்திருந்தால், முதல் வாரமே அந்த அக்கா அங்கே நின்று கத்தியிருப்பார். இப்போது எங்கே நின்று கத்துவது? கேட்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். நான் அவர் பேரைத் தவறியவர் பட்டியலில் எழுதினேன்.

தீர்மான நோட்டில் எழுதினதை அடிக்கக் கூடாது என்பது நம் விதி. அதனால் அடுத்த கூட்டத்தில் அதற்குக் கீழே, ‘மேற்படி உறுப்பினர் தவறவில்லை. விசாரிக்காமல் எழுதியது கணக்காளரின் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். “சரி விடு, சாப்பிட்டியா?” என்றார்.

இன்னொரு விஷயம், தாமதம். சட்டப்படி வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். தாண்டினால், ஒரு நாளைக்குக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு. கேட்க நல்லாயிருக்கு இல்லையா? கணக்குப் போடுவோம். இந்த வருஷம் கூலி 336 ரூபாய். ஆறு நாள் முழு அளவு வேலை செய்தால் 2,016 ரூபாய். அதில் 0.05 சதவீதம் என்றால் ஒரு ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய்! அதே 2,000 ரூபாயை நாம் ஊரில் பத்து வட்டிக்கு வாங்கினால் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு ரூபாய் ஆகும். எல்லாவற்றையும் யோசித்து எழுதினவர்கள் இந்த ஒன்றை மட்டும் நம் தெருவில் விசாரிக்காமல் எழுதிவிட்டார்கள்.

போன வருஷம் நவம்பர் கடைசியிலிருந்து என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். பொங்கலுக்குக் கூலி இல்லை. தை, மாசி, பங்குனி என்று போனது. மார்ச் கணக்குப்படி தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி 4,034 கோடி ரூபாய். இந்தத் திட்டத்தில் கூலி முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. பொருள் செலவில்தான் மாநிலத்துக்கு நாலில் ஒரு பங்கு. அதனால் நம்ம பி.டி.ஓ. ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டும் பயனில்லை, அங்கே இருந்தவர்களும் கையைத்தான் விரித்தார்கள். கோடையில்தான் பாக்கி வர ஆரம்பித்தது. அந்த ஐந்து மாசத்தில் எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் உள்கடன் கேட்டவர்கள் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. நாம் சேர்த்து வைத்த காசுதான் அரசாங்கத்துக்கு முன்பணம் போட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் அது வேடிக்கை இல்லைதான்.

வங்கிக் கடனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷ பட்ஜெட்டில் சுய உதவிக் குழுக்களுக்கு 37,000 கோடி ரூபாய் கடன் இலக்கு என்று சொன்னார்கள். பேப்பரில் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர், “உங்களுக்குத்தான் அரசாங்கம் அள்ளிக் கொடுக்குதே” என்றார். இல்லைங்க, அது அரசாங்கம் கொடுப்பது இல்லை. வங்கி கொடுப்பது, நாம் வட்டியோடு கட்டுவது. அரசாங்கத்தின் செலவு என்பது அதில் வட்டிச் சலுகை மட்டும்தான். மூன்று லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி. அது பெரிய உதவி, குறைத்துச் சொல்லவில்லை. கடன் கம்பெனிக்காரர்கள் 24-க்குக் குறையாமல் வாங்கும்போது 7 என்பது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். ஆனால் கடனைச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது. எந்த நோட்டிலும் அது வரவு பக்கமும் வரும், பாக்கி பக்கமும் வரும்.

அதோடு விதியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் வரைக்கும் குழுக் கடனுக்கு எந்த அடமானமும் கேட்கக் கூடாது. டெபாசிட் போடச் சொல்லக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2021-லிருந்து 20 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கலாம் என்றும் ஆக்கியிருக்கிறார்கள். இது தெரியாமல் எங்கள் குழு 40,000 ரூபாய்ச் சேமிப்பை ஒரு வங்கிக் கிளையில் மூன்று வருஷம் தொடாமல் வைத்திருந்தது. “அது அப்படியே கெடக்கட்டும், கடனுக்குப் பாதுகாப்பு” என்று அங்கே சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். கூட்டமைப்பில் அந்தச் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தோம். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் உங்களுக்கு யார் கொடுத்தா?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கணக்கு திறந்தது.

மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கி, 1 கோடியே 6 லட்சம் பேருக்கு 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆயிரத்தை அனுப்புவதற்கு முன்னால் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது. நாம் புதுக் குழாயில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்போமே, அப்படி. நூறு நாள் கூலியிலும் இப்படி ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று ஆளைக் கேட்டிருந்தால், அந்த அக்காவின் தோடு காதிலேயே இருந்திருக்கும். அப்படியும் முதல் மாசம் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஆயிரத்திலேயே கை வைத்தன. நிதி அமைச்சர் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று. நடுவில் யாரும் இல்லை என்று நினைக்கும்போது, கணக்குக்கு உள்ளேயே ஒரு கை இருக்கிறது பாருங்கள்.

வீடு கட்டும் திட்டத்தில் நிலைமை பரவாயில்லை. கலைஞர் கனவு இல்லத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம். கட்டக் கட்டப் படம் எடுத்து ஏற்றினால்தான் அடுத்த தவணை. படத்தை ஏற்ற ஓவர்சியர் வர வேண்டும், அவருக்கு எத்தனை ஊராட்சி என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பேச வேண்டாம், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கேட்பதற்கு இடம் எங்கே என்று சொன்னேன் இல்லையா? ஒரு இடம் இருக்கிறது, கிராம சபை. முன்பு வருஷத்துக்கு நாலு, இப்போது உலகத் தண்ணீர் தினம், உள்ளாட்சி தினம் சேர்த்து ஆறு. ஊராட்சியின் வரவு செலவைப் பெரிய பிளக்ஸில் போட்டுக் கட்ட வேண்டும், படிக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை செய்து, அதையும் கிராம சபையில் வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 17-வது பிரிவு. இதுவும் துறை செய்த காரியம்தான், சின்னது இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போய்க் கையெழுத்துப் போடுகிறோம், சுண்டல் வாங்குகிறோம், பிளக்ஸுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம். நானே பத்து வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

இந்த ஜனவரி 5-ம் தேதியோடு நம்ம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான் பார்க்கிறார். தலைவராக இருந்தவர்களில் பாதிப் பேர் பொம்பளைகள், அதிலும் நிறைய பேர் நம்ம குழுக்களிலிருந்து போனவர்கள். காலையில் குழாயடியில் பார்த்துக் கேட்டுவிடலாம். தனி அலுவலரைக் குழாயடியில் பார்க்க முடியாது. தேர்தல் வரும் வரைக்கும் கிராம சபையை விட்டால் வேறு வழி இல்லை.

மே 1-ம் தேதி கிராம சபையில் நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நம்ம ஊராட்சியில் நூறு நாள் வேலை செய்யறவங்களில் எத்தனை பேருக்குக் கூலி வேற வங்கிக்குப் போகுது? பட்டியல் எடுத்துக் கொடுங்க.” முதலில் அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றார்கள். எடுக்கலாமே என்றேன். தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். இருபது நாள் கழித்துப் பட்டியல் வந்தது. எங்கள் ஒரு ஊராட்சியில் மட்டும் 23 பேர். அதில் 9 பேருக்கு அந்தக் கணக்கு எது என்றே தெரியவில்லை. வீடு வீடாகப் போனோம். 6 பேருடையதைச் சரி பண்ணிவிட்டோம். இன்னும் 3 பேர் பாக்கி. அதில் ஒருத்தருக்கு ஆதாரில் இருக்கும் போன் நம்பர் செத்துப்போன வீட்டுக்காரருடையது. அந்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறதோ!

நேரம் ஆகிவிட்டது என்று தலைவி அக்கா வாட்சைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். சாப்பாடு முடிந்த பிறகு, மண்டபத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டேபிள் போட்டிருக்கிறோம். எங்கள் ஊர்க் காலேஜ் பெண்கள் நாலு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று பார்த்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆதார் அட்டையும், அதில் பதிவான போனும் வேண்டும். ஓ.டி.பி. வரும், அதை அந்தப் பெண்களுக்கு நீங்களே படித்துச் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள், தட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். பாஸ்புக் கொண்டு வந்தவர்கள் அதையும் காட்டுங்கள். சீட்டில் இருக்கும் வங்கியும் பாஸ்புக்கில் இருக்கும் வங்கியும் வேற வேற என்றால் பயப்படாமல் நேராக என்னிடம் வாங்க. பச்சைச் சேலை, கையில் நோட்டு. நான் கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன்.